இல்லத்திரையும் அயல்நாட்டு விருந்தும்

திரைப்படம் தோன்றிய நாள்தொட்டுப் பொதுவிடத்துக் கலையாகவே வளர்ந்து வந்தது. 1895-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ஆம் நாள் பாரிஸ் நகரத்துச் சிற்றுண்டிச்சாலை ஒன்றின் கீழறையில் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுப் படங்காட்டிய ஞான்று, ஒருவரையொருவர் முன்பின் அறியாதார் பலர் இருளில் ஒருங்கமர்ந்து ஒரே ஒளியை நோக்கினர். அதன்பின் நெடுங்காலம் படம் பார்க்க விழைந்தோர் வீட்டை விட்டுப் புறப்பட்டே ஆகவேண்டியிருந்தது. இன்றோ அம்முறை தலைகீழாயிற்று. படமே நம் வீடு தேடி வருகின்றது. கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியிலும், விடுதியறை மாணவன் கையிலுள்ள செல்பேசியிலும் ஜப்பானியரும் பாரசீகரும் இத்தாலியரும் வந்து நின்று தத்தம் கதையைக் கூறுகின்றனர்.

இஃது எத்துணைப் பெரிய பேறு என்பதைப் பழைய நிலையோடு ஒப்பிட்டு நோக்கினாலன்றி உணர்தல் அரிது. 1947-ஆம் ஆண்டில் சத்தியஜித் ராயும் அவர் நண்பர்களும் கல்கத்தாவில் ஒரு திரைப்படச் சங்கங் கண்டது, நல்ல அயல்நாட்டுப் படங்களைத் தேடிப் பார்ப்பதற்கு வேறு வழி அரிதாயிருந்தமையாலேயாம். 1952-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை, தில்லி, கல்கத்தா நகரங்களிலும் நடைபெற்றபோது, இத்தாலி நாட்டுச் ‘சைக்கிள் திருடர்’, ஜப்பான் நாட்டு ‘ராஷோமோன்’ முதலிய படங்களைக் கண்டோர், நம் நாட்டில் இதுகாறும் காணாததொன்றைக் கண்டேம் என வியந்தனர். அவ்விழாவுக்காகக் காத்திருந்தோர் பெற்றதினும் பன்மடங்கு இன்று நாம் காத்திராமலே பெறுகின்றோம்.

ஆயின், வாய்ப்புப் பெருகிய அளவுக்கு நம் சுவையும் தீர்ப்பும் பெருகினவோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். அயல்நாட்டுப் படங்களைப்பற்றி நம் மாணவரிடையே வழங்கும் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் மூன்று சொற்களில் அடங்கும். ‘மெதுவாகச் செல்கின்றது; ஒன்றும் நிகழவில்லை; நமக்குரியதன்று’ என்பனவே அவை. இவற்றிற்கு நேர்மாறாக, அயல்நாட்டதாயின் யாதும் சிறந்ததே என்று கொண்டு, நம்மவர் படங்களை எள்ளி நகையாடும் சிறு கூட்டமும் உண்டு. இவ்விரு சாராருங் கூறுவன உண்மையில் அப்படங்களைப்பற்றிய தீர்ப்புக்கள் அல்ல. அவர்கள் பார்த்த முறையைப்பற்றிய சான்றுகளேயாம். வீட்டிற் பார்க்குமிடத்து ஒரு படம் நன்கு விளங்குவதும் விளங்காதொழிவதும் பார்ப்போன் அதனை ஏற்கும் முறைமையைப் பெரிதும் பொறுத்தன என்பது நம் கொள்கை.

வீடு தேடி வந்தாரை ஏற்கும் முறைமை தமிழர்க்குப் புதியதன்று. வள்ளுவர் விருந்தோம்பலைத் தம் நூலின் ஒன்பதாம் அதிகாரமாக, இல்லறவியலில் வைத்தார். அறிமுகமில்லாப் புதியவரையே பண்டைத் தமிழர் விருந்து என்றனர். அயல்நாட்டுப் படம் நம் இல்லத்திற்கு வரும் அத்தகைய புதியவர் என்று கொள்வோமாயின், நாம் செய்யவேண்டுவன இவையென்பது தானே புலப்படும்.

முதற்கண், அவ்விருந்து எவ்வழி நடந்து வந்தது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். சுயேச்சைப் படம் என்று நாம் கூறுவது பெருமுதலாளர் பொருளையும் ஆணையையும் சாராது, எடுப்போர் தம் கருத்தின்படியே எடுத்த படமாகும். இவ்விடுதலைக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. ‘சைக்கிள் திருடர்’ என்னும் படத்திற்குப் பொருள் தேடி விட்டோரியோ டி சிக்கா அலைந்த காலத்து, அமெரிக்கப் பட முதலாளி டேவிட் செல்ஸ்னிக் பொருளுதவ முன்வந்தார். ஆனால் புகழ்பெற்ற நடிகர் கேரி கிராண்டே கதாநாயகராதல் வேண்டுமென்றார். டி சிக்கா அதற்கு இசைந்திலர். லம்பெர்டோ மஜொரானி என்னும் ஆலைத்தொழிலாளி ஒருவரையே நடிக்கவைத்து 1948-இல் படத்தை வெளியிட்டார். வேலைக்கு இன்றியமையாத சைக்கிளை அடகினின்று மீட்பதற்காக மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புக்களை அடகுவைக்கும் அக்கதையில், வேலையின் அருமை அறிந்தவர் முகமே வேண்டும் என்று அவர் எண்ணியது எத்துணைச் சரி என்பது படத்தைப் பார்ப்போர்க்கு விளங்கும்.

அமெரிக்க நாட்டிலேயே ஜான் கஸாவெட்டீஸ் என்பார் பிறர் படங்களில் நடித்து ஈட்டிய பொருளைத் தம் படங்களிற் செலவிட்டனர். 1968-இல் வெளிவந்த ‘முகங்கள்’ என்னும் அவரது படத்தின் பெரும்பகுதி அவர் வீட்டிலும் அவர் மாமியார் வீட்டிலுமே எடுக்கப்பட்டது. ஈரான் நாட்டு ஜாபர் பனாஹியின் வரலாறோ இன்னும் உருக்கமுடையது. 2010-ஆம் ஆண்டில் அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனையோடு, இருபதாண்டு படமெடுக்கலாகாது என்னும் தடையும் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டின் முடிவை எதிர்நோக்கி வீட்டில் அடைபட்டிருந்த காலத்து அவர், எடுக்க ஒண்ணாத படத்தின் கதையைத் தம் கூடத்துக் கம்பளத்தின்மேல் நாடாவால் அறைகளை வரைந்து காட்டி விளக்கினார். அதனையே நண்பரொருவர் துணையோடு படம்பிடித்து, ‘இது திரைப்படமன்று’ எனப் பெயரிட்டார். விரலளவான நினைவுக்கருவி ஒன்றில் நாடு கடந்து சென்ற அப்படம் 2011-இல் பிரான்சு நாட்டுக் கான் நகர விழாவிற் காட்டப்பட்டது. தம் வீட்டைவிட்டு வெளிச்செல்ல இயலாத ஒருவர் அனுப்பிய படத்தை, வெளிச்செல்ல மனமின்றி வீட்டில் அமர்ந்திருக்கும் நாம், முதற் பத்து நிமிடங்களிலேயே சலித்து நிறுத்திவிடுதல் தகுமோ என்பதை நம் மாணவர் சிந்தித்தல் வேண்டும்.

இனி, விருந்துக்குச் செய்யும் கடன்களை மூன்றாக வகுத்துரைப்பாம்.

முதலாவது, வந்தவர் கூறுவதை முற்றக் கேட்டல். படமாளிகையில் அமர்ந்தோன் படத்தை நிறுத்த இயலாது. வீட்டிலிருப்போனோ விரல்நுனியால் நிறுத்தவும், பத்து வினாடி தாவவும், விரைவைக் கூட்டவும் வல்லன். இவ்வதிகாரம் சிலவகைப் படங்களுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. துப்பாக்கி வெடிக்குங் காட்சியைத் தவறவிட்டோனும் அடுத்த வெடியிற் கதையைப் பிடித்துக்கொள்வான். நாம் பேசும் படங்களின் தன்மையோ வேறு. யாசுஜிரோ ஓசு 1953-இல் எடுத்த ‘டோக்கியோ கதை’யை நோக்குமின். ஓனோமிச்சி என்னும் கடற்கரையூரில் வாழும் முதிய தாய்தந்தையர், டோக்கியோ நகரில் மருத்துவனாயிருக்கும் மகனையும் சிகையலங்காரக் கடை நடத்தும் மகளையும் காணச் செல்கின்றனர். மக்கள் கொடியரல்லர், ஓய்வில்லாதவர். முதியோரைச் செலவு குறைந்த நீராடு விடுதியொன்றுக்கு அனுப்பிவிடுகின்றனர். அங்கே இளைஞர் இரவெல்லாம் எழுப்பும் ஆரவாரத்தில் அவர்களுக்கு உறக்கமில்லை. போரில் மாண்ட மகனின் மனைவி நோரிக்கோ ஒருத்தியே தன் வேலையை ஒருநாள் விடுத்து அவர்களுக்கு நகரைச் சுற்றிக் காட்டுகின்றாள். ஊர் திரும்பிய தாய் இறந்துபடுகின்றாள். கதை இவ்வளவே.

இப்படத்தில் ஓரிடத்தில் அம்மூதாட்டி சிறு பேரனை வெளியே அழைத்துச் சென்று, நீ வளர்ந்து என்னாவாய் என்று வினவுகின்றாள். நீ மருத்துவனாகும் நாளில் நான் இருப்பேனோ என்று தனக்குத்தானே கூறிக்கொள்கின்றாள். குழந்தையோ புல்லைப் பறித்து விளையாடிக்கொண்டிருக்கின்றது, விடை கூறவில்லை. தொலைவிலிருந்து காட்டப்படும் இச்சிறு காட்சியில் அழுகையுமில்லை, இசைமுழக்கமுமில்லை. விரலால் ஒருமுறை தாவினோன் இதனை இழந்தான். இதனை இழந்தோனுக்குப் பின்வரும் மரணம் வெறுஞ் செய்தியே. ‘ஒன்றும் நிகழவில்லை’ என்று அவன் கூறுவது அவனளவில் மெய்யே. நிகழ்ந்ததை அவன் தாவிச் சென்றானன்றோ? இரண்டு மணி பதினாறு நிமிடம் ஓடும் படத்தைப் பார்க்க அத்துணை நேரமே வேண்டும். அதற்கு இயலாத நாளில் அதனைத் தொடங்காதிருத்தலே மேல்.

ஓசுவின் படம்பிடிக்கும் முறை இல்லத்திலிருந்து பார்ப்போர்க்கு ஒருவகையில் மிகவும் இயைந்தது. அவர் தம் கருவியைப் பெரும்பாலும் தரையை ஒட்டித் தாழவே வைப்பார். பாய்விரித்த தரையில் அமர்ந்தோர் கண்ணுக்கு அறை எங்ஙனம் தோன்றுமோ அங்ஙனமே தோன்றும். கூடத்திற் பாய்மேல் அமர்ந்து பார்ப்போர், அவ்வீட்டாரோடு ஒரே தரையில் அமர்ந்திருப்பதாகவே உணர்வர். படமாளிகையின் பெருந்திரைக்கு ஒப்பாக வேறொன்றில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. கிடைக்குமாயின் அதனையே நாடுக. ஆயினும் சில படங்கள் சிறு கூடத்திலும் தம் பெருமை குன்றா.

இரண்டாவது கடன், வந்தவரை அவர் மொழியிற் பேசவிடுதல். மொழிமாற்றிக் குரல் சேர்த்த படங்கள் இக்காலத்து எளிதிற் கிடைக்கின்றன. அவை எளியோர்க்கும் சிறுவர்க்கும் உதவுவன என்பதை மறுப்பாரில்லை. எனினும் ஒருவர் முகத்தில் வேறொருவர் குரலைப் பொருத்துங்கால் அவருடைய பாதி உயிர் நீங்குகின்றது. நோரிக்கோவாக நடித்த செட்சுகோ ஹாரா, வாழ்க்கை ஏமாற்றந் தருவதன்றோ என்று இளைய நாத்தி வினவ, ஆம் என்று புன்முறுவலோடு உடன்படும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அவ்விடையின் பொருளை எம்மொழியிலும் பெயர்க்கலாம்; அக்குரலின் இனிமையையும் அதனுள் அடங்கிய துயரையும் பெயர்த்தல் இயலாது. சப்-டைட்டில் எனப்படும் அடிவரிகள் பொருளைத் தரட்டும். உணர்ச்சியை அக்குரலே தரட்டும். கண் வரியிலும் செவி குரலிலும் நிற்கும் பயிற்சி இரண்டொரு படங்களில் தானே கைவரும். வேற்று மொழியின் ஒலியைப் பொருளறியாமலேனும் பொறுமையோடு கேட்கப் பழகியவன், வேற்று மக்களையும் பொறுமையோடு கேட்கப் பழகுவான்.

மூன்றாவது கடன் நம் மாணவர்க்கே சிறப்பாக உரியது. அஃதாவது, விருந்தைத் தனித்துண்ணாமை. செவியில் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு ஒருவன் தனியே படம் பார்க்க, அதே வீட்டில் தாயும் பாட்டியும் தம்பியரும் வேறு வேறு மூலையில் இருத்தல் இன்று எங்குங் காணும் நிலை. அவர்களை அழையாததற்குக் காரணம் கேட்பின், அடிவரிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்பர். இத்தகைய படங்கள் பலவற்றிற்குத் தமிழ் அடிவரிகள் இல்லை என்பது மெய்யே. ஆயின் கல்லூரியிற் கற்ற ஆங்கிலம் வேறெதற்குப் பயன்படுவது? ஜப்பானில் ஊமைப்படக் காலத்தில் பென்ஷி எனப்பட்ட உரையாளர் திரையருகே நின்று கதையையும் பேச்சையும் எடுத்துக் கூறினர்; அவர்கள்பால் மக்கள் கொண்ட விருப்பும் அந்நாட்டில் ஊமைப்படங்கள் 1930-க்குப் பின்னும் சில ஆண்டுகள் நிலைபெற ஒரு காரணமாயிற்று. நம் நாட்டிலும் ஊமைப்படக் கொட்டகைகளில் கதை விளக்குவோர் இருந்தனர். அத்தொழிலை நம் மாணவர் தம் வீட்டுக் கூடத்தில் மீண்டும் மேற்கொள்ளலாம். அடிவரியை மெல்லிய குரலில் தமிழாக்கிச் சொல்லுவோன் தானும் படத்தை இருமடங்கு கூர்ந்து நோக்குவான். ஒரு சொல்லுக்குத் தகுந்த தமிழ்ச்சொல் தேடும்போது தன் மொழியின் வளத்தையும் அறிவான்.

இதற்குத் தொடக்கமாக ஒரு படத்தைக் குறிப்பிடுவோம். அப்பாஸ் கியாரோஸ்தமி 1987-இல் எடுத்த ‘நண்பன் வீடு எங்கே?’ என்பதே அது. வடஈரானில் கோக்கெர் என்னும் சிற்றூர். வகுப்புத் தோழனின் குறிப்பேட்டைத் தவறுதலாகத் தன்னோடு எடுத்து வந்துவிட்ட சிறுவன் அஹமது, அதிற் பாடமெழுதாவிடின் ஆசிரியர் அத்தோழனைப் பள்ளியினின்று நீக்கிவிடுவார் என்றஞ்சி, அதனைத் திருப்பிக் கொடுக்கக் குன்றின் வளைவழியே அடுத்த ஊருக்கு ஓடுகின்றான். பெரியோர் எவரும் அவன் சொல்லைச் செவிமடுப்பதில்லை. தாய் வேலை ஏவுகின்றாள்; பாட்டனார் கையிற் சிகரெட்டு இருக்கவும், கீழ்ப்படிதல் பழக வேண்டும் என்றே அதனை வாங்கிவரப் பணிக்கின்றார். நண்பன் வீடு அகப்படவில்லை. இரவில் அமர்ந்து நண்பனுக்காகத் தானே பாடத்தை எழுதிவிடுகின்றான். இதனைக் கேட்டு உருகாத பாட்டியும், புரியாத தம்பியும் தமிழகத்தில் இலர். ‘நமக்குரியதன்று’ என்னும் குற்றச்சாட்டு இங்கே எங்ஙனம் நிற்கும்?

அப்படம் வெளிவந்த ஆண்டை மீண்டும் நோக்குக. 1980 முதல் 1988 வரை ஈரானும் ஈராக்கும் பொருத பெரும்போரின் நடுவே, ஈரான் நாட்டார் ஒருவர் எடுத்துரைத்த கதை ஒரு சிறுவன் குறிப்பேட்டைப் பற்றியது. அந்நாட்டைப்பற்றிப் போர்ச்செய்தி மட்டுமே படித்தோர் அங்கே அஹமது இருக்கின்றான் என்பதை அறியார். 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நிலப்பகுதியைக் கொடிய நிலநடுக்கம் தாக்கிப் பல்லாயிரவர் மாண்டபோது, படத்தில் நடித்த சிறுவர் உயிரோடுளரோ என்று தேடிக் கியாரோஸ்தமி புறப்பட்டார். அத்தேடலையே 1992-இல் மற்றொரு படமாக்கினார். முதற்படத்தைப் பார்த்தோர்க்கும் அக்கவலை தம் கவலையாகவே தோன்றும். தொலைநாட்டுச் செய்தியிலுள்ள ஓரெண் ஒரு முகமாக மாறுதலே இப்படங்கள் நமக்களிக்கும் தலையாய பயன் என்போம். பிற நாட்டு மக்களை வெறுக்குமாறு தூண்டும் குரல்கள் அதே செல்பேசியில் நாள்தோறும் ஒலிக்கும் இக்காலத்தில் இப்பயன் சிறியதன்று.

இவ்வாறு கூறுதலால் நம்மவர் படங்களைப் புறக்கணிக்குமாறு நாம் பரிந்துரைப்பதாக எவருங் கொள்ளற்க. விளம்பர நிறுவனமொன்றின் அலுவலராக 1950-இல் இலண்டனுக்குச் சென்ற ராய் ஆங்கே ‘சைக்கிள் திருடர்’ படத்தைக் கண்டார். கண்டவர் ரோமாபுரித் தெருக்களைப்பற்றிப் படமெடுத்தாரல்லர்; விபூதிபூஷண் எழுதிய வங்கக் கிராமத்துக் கதையையே எடுத்தார். பொருள் முட்டுப்பட்டு மனைவியின் நகைகளை அடகுவைத்தும், பின்னர் மேற்கு வங்க அரசின் உதவி பெற்றும் 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’யை முடித்தார். அயல்நாட்டுப் படம் அவருக்குத் தம் ஊரைக் காணும் கண்ணைத் தந்தது. அக்கண்ணைப் பெறாது அயலாரைப் புகழ்தல் மட்டுங் கற்றவன் கற்றது குறைவே. அன்றியும் அயல்நாட்டுப் படங்கள் யாவும் நல்லன என்பதுமில்லை. எல்லாம் எல்லாருக்கும் ஏற்றன என்பதுமில்லை. சிறுவரோடிருந்து பார்க்குமுன் பெரியோர் தெரிந்தெடுத்தல் கடனாம்.

இறுதியாகக் கலாசாலை அதிகாரிகட்கும் பழைய மாணவர்கட்கும் ஒரு விண்ணப்பம். வீட்டுக்கு வரும் இவ்வெள்ளம் என்றும் வற்றாது என்று எண்ணுதல் தவறு. அமெரிக்காவிற் பழம்படங்களுக்கும் அயல்நாட்டுப் படங்களுக்குமென்றே அமைந்த ‘பிலிம்ஸ்ட்ரக்’ என்னும் இணையச் சேவை ஈராண்டளவே நடந்து 2018-ஆம் ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. 1998 முதல் அஞ்சல்வழிப் படத்தட்டுக்களை அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ் நிறுவனமும் 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் அச்சேவையை நிறுத்திவிட்டது. வாணிகர் திறக்கும் வாயிலை வாணிகரே அடைத்தலும் கூடும். ஆதலின், நூல்நிலையத்தில் நூல்களைப் போற்றுவதுபோல் நல்ல படங்கள் ஐம்பதின் தட்டுக்களையேனும் வாங்கிப் போற்றுதல் வேண்டும். திங்களுக்கொரு முறை அவற்றுள் ஒன்றை மண்டபத்தில் முழுவதுங் காட்டிப் பின் அரைமணி உரையாடுதல் வேண்டும். மாணவர் அடிவரிகளைத் தமிழாக்கி ஏட்டில் எழுதிவைப்பாராயின், பின்வருவோர்க்கு அஃது ஒரு செல்வமாகும். பழைய மாணவர் ஒவ்வொருவர் ஒரு தட்டு நல்கினும் ஈராண்டிற் பேழை நிரம்பும்.

அதுகாறும், இவ்விடுமுறையில் ஓரிரவேனும் நம் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டாரைக் கூடத்தில் ஒருங்கமர்த்தி, அயல்நாட்டுப் படமொன்றை நிறுத்தாமலும் தாவாமலும் தொடக்கமுதல் முடிவுவரை அவர்களுக்குத் தமிழிற் கூறிக் காட்டுவாராக. அதன்பின் அப்படம் மெதுவானது என்று பாட்டியார் தீர்ப்பளிப்பாராயின், அத்தீர்ப்பை நாம் தலைவணங்கி ஏற்போம்.